வாசற்படியோடு நின்றுவிடும் வரலாறுகள்: சமூகத் தொண்டரின் பணியும் இல்லமும்

நம் திருச்சபைகளில் அருளுரைக்கு அடுத்தபடியாக மிகுதியாகச் சொல்லப்படும் இலக்கிய வகை எதுவென்று கேட்டால், தொண்டர் வரலாறு என்றே விடை கூறவேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களிலும், வாலிபர் முகாம்களிலும், அருட்பணி ஞாயிறு வழிபாடுகளிலும் அது ஒலிக்கிறது. அச்சேறிய நூல்களைவிட வாய்மொழியாகவே அது மிகுதியும் பரவுகிறது. எனினும் இறைமொழியை ஆராயும் அளவுகோல்களில் ஒன்றையேனும் இவ்வகை வரலாறுகளின்மீது நாம் வைத்துப் பார்ப்பதில்லை. அவை பக்தி விருத்திக்கு உரியவை, திறனாய்வுக்கு உரியவை அல்ல என்ற எண்ணம் நிலவுகிறது. இவ்வெண்ணம் சரியன்று என்பதே நமது கருத்து. ஒரு வரலாறு எவ்வடிவில் சொல்லப்படுகிறதோ அவ்வடிவிலேயே கேட்போர் தம் வாழ்வையும் அமைத்துக்கொள்ள முற்படுவர். ஆகவே வடிவத்தில் உள்ள குறை வாழ்விலும் குறையாக முடியும்.

சமூகப் பணியாளர் ஒருவரின் பணிப்பாதையையும், பணிக்கு வெளியே அவர் வாழ்ந்த வாழ்வையும் இவ்வரலாறுகள் எவ்வாறு கையாளுகின்றன என்பதை மட்டும் ஈண்டு ஆராய்வோம்.

1. வரலாற்றின் வழக்கமான வடிவம்

நாம் வாழும் போளூருக்கு வடக்கே இருப்புப்பாதை வழியாகச் சென்றால் வேலூரை அடையலாம். அங்கே மருத்துவத் தொண்டாற்றிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாற்றை அறியாத இறையியல் மாணவர் இருக்க இயலாது. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அவர், சுமார் இருபது வயதில் திண்டிவனத்தில் பெற்றோரின் இல்லத்தில் தங்கியிருந்த இரவொன்றில், மூன்று வீட்டார் தம் மனைவியரின் பேறுகாலத் துன்பத்துக்கு உதவி வேண்டி வந்தனர். ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்கவில்லை. பெண் மருத்துவரோ இல்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். இந்நிகழ்ச்சியோடு வரலாறு தொடங்குகிறது. 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம், 1900இல் வேலூர் வருகை, 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று படிப்படியாக ஏறி, உலகப் புகழ்பெற்ற நிறுவனத்தில் வந்து முடிகிறது.

இவற்றுள் ஒன்றும் பொய்யன்று. ஆயினும் 1900 முதல் 1960 மே மாதம் அவர் மறையும் வரை உள்ள அறுபது ஆண்டுகளில் அவர் எங்கே உண்டார், யாரோடு உரையாடினார், எதனால் மகிழ்ந்தார் என்பது மேடையில் சொல்லப்படுவதில்லை. அம்மையார் டென்னிஸ் ஆட்டத்தில் வல்லவர். மலர்த் தோட்டத்தில் பெருவிருப்பம் உடையவர். கோடைக்காலங்களில் கொடைக்கானலுக்குச் சென்று ஓய்வுகொண்டவர். நியூயார்க்கிலிருந்து வந்த தோழி கெர்ட்ரூட் டாட் பல்லாண்டுகள் அவரோடு வாழ்ந்து, நிறுவனத்தின் பொருளாதாரப் பொறுப்புகளையும் தாங்கினார். இச்செய்திகள் மறைக்கப்பட்டவை அல்ல, நூல்களில் உள்ளவையே. ஆனால் மேடையில் சொல்வோர் இவற்றைத் தேவையற்றவை என்று கருதி விட்டுவிடுகின்றனர்.

மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் வரலாறும் இவ்வாறே. 1909இல் உதகையில் பார்சிக் குடும்பத்தில் பிறந்த அவர், 1935இல் கணவரை இழந்தபின் சென்னையின் சேவைக் கழகப் பணியில் ஈடுபட்டார். 1952இல் சென்னைச் சமூகப் பணிக் கல்லூரியை நிறுவினார். தமிழ்நாட்டில் சமூகப் பணி முறையான கல்வியாகவும் தொழிலாகவும் வேரூன்றியதில் அவரது பங்கு பெரிது. அவரது கைம்மை, பணிக்கு வழிதிறந்த நிகழ்ச்சியாகத் தவறாமல் குறிப்பிடப்படுகிறது. பின்னர் அவர் மறுமணம் செய்துகொண்டு மீண்டும் இல்லறம் நடத்தியதோ அரிதாகவே பேசப்படுகிறது. இத்தனைக்கும் அவரது பெயரிலேயே இரு திருமணங்களும் பதிவாகியுள்ளன.

டி. எஸ். சௌந்தரம் அம்மையாரையும் இங்கே கருதலாம். தொழிலதிபர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளான அவர் இளவயதிலேயே விதவையானார். பின் தில்லியில் மருத்துவம் பயின்று 1936இல் பட்டம் பெற்றார். 1940இல் ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947இல் இருவரும் சேர்ந்து காந்திகிராமத்தை நிறுவினர். விதவை மறுமணமும் சாதி கடந்த மணமும் ஒன்றாய் அமைந்த அவ்வில்லறமே ஒரு சமூகச் சீர்திருத்தம். அதைச் சொந்த வாழ்க்கை என்று ஒதுக்கிவிட்டுக் காந்திகிராமத்தை மட்டும் பொதுவாழ்க்கை என்று கொண்டாடுவது எவ்வாறு பொருந்தும்?

இம்மூன்று எடுத்துக்காட்டுகளாலும் ஓர் உண்மை புலப்படுகிறது. வரலாறு சொல்வோர் வீட்டை அறவே புறக்கணிப்பதில்லை. முதல் அதிகாரத்தில் வீடு உண்டு. மரணமும் கண்ணீரும் வறுமையும் அங்கே உண்டு. அழைப்புப் பிறக்கும் இடமாக அது பயன்படுகிறது. தொண்டர் அதன் வாசற்படியைத் தாண்டியதும் கதவு சாத்தப்படுகிறது. பின்னர் ஒருபோதும் திறக்கப்படுவதில்லை. வாசற்படியாக மட்டும் பயன்பட்ட வீட்டில், தொண்டர் அதன்பின்னும் பல்லாண்டுகள் வாழ்ந்தார் என்பது மறக்கப்படுகிறது.

2. கதவு சாத்தப்படாத ஒரு வரலாறு

இவ்வடிவத்துக்கு உட்படாத வாழ்க்கை ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. கிருஷ்ணம்மாள், சங்கரலிங்கம் ஜெகந்நாதன் என்னும் இணையரின் வாழ்வையே குறிப்பிடுகிறோம். இத்தாலிய எழுத்தாளர் லாரா கோப்போ அவ்விருவரின் வாய்மொழியை அடிப்படையாகக் கொண்டு எழுதிய நூல் 2005இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அது ‘சுதந்திரத்தின் நிறம்’ என்னும் பெயரில் தன்னறம் வெளியீடாகத் தமிழிலும் கிடைக்கிறது. நம் இறையியல் மாணவர் அனைவரும் பயிலத்தக்க நூல் அது.

ஜெகந்நாதன் வசதியுள்ள குடும்பத்தில் பிறந்தவர். 1930இல் காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பை விட்டவர். அமெரிக்க அருட்பணியாளர் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தானோடு நெருங்கிப் பணியாற்றியவர் என்பதால் நம் திருச்சபை வரலாற்றோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. கிருஷ்ணம்மாள் 1926இல் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். சௌந்தரம் அம்மையாரின் ஆதரவைப் பெற்றுக் கல்லூரிக் கல்வி முடித்தவர். நாடு விடுதலை பெற்ற பின்னரே மணம் என்று உறுதி பூண்டிருந்த ஜெகந்நாதன் 1950இல் கிருஷ்ணம்மாளை மணந்தார்.

1951இல் வினோபா பாவே பூதான இயக்கத்தைத் தொடங்கினார். ஜெகந்நாதன் வடநாடு சென்று அவரது பாதயாத்திரையில் சேர்ந்தார். கிருஷ்ணம்மாளோ சென்னையில் ஆசிரியப் பயிற்சியை நிறைவு செய்தார். பின்னரே இருவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இணைந்து நடந்தனர். இப்பிரிவைத் ‘தியாகம்’ என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுவது எளிது. கூர்ந்து நோக்கினால் அதில் வேறொன்றும் தெரியும். கணவரின் அழைப்பு மனைவியின் கல்வியை விழுங்கவில்லை. அவருக்கெனத் தனிப் பணிப்பாதை ஒன்று இருந்தது, அது மதிக்கப்பட்டது. நம் ஆயர் இல்லங்களில் எத்தனை பெண்களுக்கு இது வாய்த்தது என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

இவ்விணையரின் வாழ்வில் எது பணி, எது இல்லம் என்று கோடு கிழிக்க இயலாது. சாதி கடந்த அவர்கள் மணமே சமத்துவத்தின் செயல் வடிவம். நிலத்தைக் குறிக்கும் சொல் அவர்கள் மகனின் பெயரிலேயே இடம்பெற்றது. வாழ்வு முழுவதும் தேடிய நிலத்தைத் தம் மகனைக் கூப்பிடும் பெயராகவும் வைத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

1968 டிசம்பர் 25ஆம் நாள், நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அதே நாளின் இரவில், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலுள்ள கீழ்வெண்மணியில் தலித் மக்கள் நாற்பத்து நால்வர் குடிசை ஒன்றினுள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் மிகுதி. கூலி உயர்வு கேட்டதே பகைக்குக் காரணமாயிற்று. அதன்பின் அவ்வட்டாரமே இவ்விணையரின் பணிக்களமாயிற்று. உழுபவரின் நில உரிமைக்காக 1981இல் ‘லாஃப்டி’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். நிலவுடைமையாளரோடு பேசி, வங்கிக்கடன் பெற்று, நிலத்தை விலைக்கு வாங்கி, உழைக்கும் குடும்பங்களுக்குப் பங்கிடுவது அதன் வழி. பட்டா பெண்களின் பெயரில் எழுதப்பட்டது. இவ்வாறு ஏறத்தாழ 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. கடலோர இறால் பண்ணைகளால் வயல்களும் குடிநீரும் உவர்ப்பேறியபோது ஜெகந்நாதன் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 11இல் வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. பின் வந்த சட்டங்கள், குறிப்பாக 2005ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வெற்றியின் பயனைப் பெரிதும் குறைத்தன. எனினும் போராட்டம் வீணாயிற்று என்று கூற இயலாது. 2008இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் விருது இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. 2013இல் ஜெகந்நாதன் மறைந்தார். 2020இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

இந்நூலின் சிறப்பு, இருவரின் குரலும் அதில் ஒலிப்பதே. ஒருவர் வரலாற்று நாயகராகவும் மற்றவர் துணையாகவும் குறுகிவிடவில்லை. நூலின் குறையாக நமக்குத் தோன்றுவது அதன் ஆங்கிலத் துணைத் தலைப்பு. குடியேற்ற ஆதிக்கத்தையும் பன்னாட்டு நிறுவனங்களையும் வெல்லுதல் என்ற பொருளில் அது அமைந்துள்ளது. வாழ்வாக விரிந்த ஒன்றைப் போராகச் சுருக்கிக் காட்டும் தலைப்பு அது. அட்டையை மட்டும் காண்போர், உள்ளே ஓர் இல்லறம் சொல்லப்பட்டிருக்கிறது என்பதை அறியமாட்டார்.

மேலும் ஒன்று சிந்திக்கத்தக்கது. கீழ்வெண்மணியில் எரிந்தது ஒரு குடிசை, ஏழைக் குடும்பம் ஒன்றின் வீடு. அதன்பின் கிருஷ்ணம்மாள் தம் வாழ்நாளைச் செலவிட்டது பிறருக்கு நிலமும், குடிசைக்கு மாற்றாகக் கல்வீடும் பெற்றுத்தருவதில்தான். உழைப்பாளிக்கு வேலை மட்டும் போதாது. உண்ணவும் உறங்கவும் பிள்ளைகளை வளர்க்கவும் தனக்கென ஓர் இடம் வேண்டும் என்பதே அவரது பணியின் சாரம். அத்தகையவரின் வரலாற்றைச் சொல்லும்போது, வீடு தேவையற்றவர் என்று அவரைப் போற்றுவது முரணாகும்.

3. தறியும் தாரும்

இவ்வாராய்ச்சியை நம் ஊரின் அனுபவத்தோடு பொருத்திப் பார்ப்போம். ஆரணியிலும் போளூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பட்டு நெசவு வீட்டுக்குள்ளேயே நடைபெறுவது. தறி இருக்கும் அறையிலேயே குழந்தை உறங்கும். அடுப்பும் அருகிலேயே இருக்கும். ஒரு சேலை உருவாகும்போது பாவில் அமர்ந்து நாடாவை ஓட்டுபவர் ஒருவர். ஊடைக்குரிய நூலைத் தாரில் சுற்றிக் கொடுப்பவர் பெரும்பாலும் மனைவி, முதிய தாய் அல்லது மகள். தார் இல்லையேல் நாடா ஓடாது. ஆனால் கூலி சேலைக்கு உரியது. அது நெசவாளரின் பெயரிலேயே எழுதப்படும். தார் சுற்றிய கைக்கெனத் தனிக்கணக்கு இல்லை.

தொண்டர் வரலாறுகளிலும் இதுவே நிகழ்கிறது. சேலையை நாம் காண்கிறோம். நெய்தவரின் பெயரைச் சொல்கிறோம். தார் சுற்றியவர் யார் என்று கேட்பதில்லை. ஊழியர் ஓய்வின்றி உழைத்தார் என்று புகழும்போது, அவர் வீட்டில் நோயாளியைக் கவனித்தவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர், வரும் விருந்தினர்க்கெல்லாம் சமைத்தவர் யார் என்பது கணக்கில் வருவதில்லை. ஐடா அம்மையாருக்குக் கெர்ட்ரூட் டாட் போன்ற தோழி ஒருவர் தேவைப்பட்டார் என்றால், அத்தகைய துணை இல்லாத இளம் பணியாளர் தளர்ந்துபோவதில் வியப்பில்லை.

இது ஏட்டளவில் நிற்கும் பிரச்சனை அன்று. சமூகப் பணி இந்நாளில் ஒரு தொழில். 1936இல் பம்பாயில் டாட்டா நிறுவனம் தொடங்கிய சமூகப் பணிக் கல்விக்கூடத்தின் முதல் இயக்குநர் கிளிஃபர்டு மான்ஷார்ட் ஓர் அமெரிக்க அருட்பணியாளர். ஆகவே இத்தொழிலின் இந்திய வரலாற்றில் திருச்சபைக்கும் பங்கு உண்டு. தொழில் என்றால் பயிற்சியும் ஊதியமும் விடுப்பும் பணிநேரமும் அதற்கு உண்டு. ஆயினும் திருச்சபை சார்ந்த தொண்டு நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் விடுப்புக் கேட்டால், ஐடா அம்மையார் விடுப்பு எடுத்தாரா என்ற கேள்வி எழக்கூடும். எடுத்தார் என்பதே உண்மையான விடை. கோடைதோறும் மலைக்குச் சென்றார்; டென்னிஸ் ஆடினார். ஆனால் அரைகுறையாகச் சொல்லப்பட்ட வரலாறு வேறு விடையை அளிக்கிறது. சவ்வாது மலைச் சிற்றூரிலோ நெசவாளர் தெருவிலோ பணிபுரியும் எளியவருக்கு அவ்விடை சுமையாகிறது. புகழ்ச்சியே ஊதியத்துக்கு ஈடாகிவிடுகிறது. இத்தீங்கு கருதியே திறனாய்வு தேவை என்கிறோம்.

4. ஒரு மறுப்பும் விடையும்

தந்தையையும் தாயையும் விட்டுப் பின்பற்ற அழைத்தவரின் சீடர்க்கு இல்லம் குறித்த கவலை தகுமா என்று சிலர் மறுக்கலாம். இம்மறுப்பை நாம் எளிதாகத் தள்ளிவிடுவதற்கில்லை. துறவும் உண்மையான அழைப்பே. சவ்வாது மலைக்கு அப்பால் திருப்பத்தூரில் மருத்துவர்களான சவரிராயன் இயேசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921இல் ஆசிரமம் நிறுவினர். இருவரும் மணத்தை விலக்கி, கதர் உடுத்து, எளிய வாழ்வு நடத்தினர். ஆனால் தம் ஆசிரமத்துக்கு அவர்கள் இட்ட பெயரைக் கவனிக்கவேண்டும். ‘கிறிஸ்துகுலம்’ என்றே பெயரிட்டனர். குலம் என்பது குடும்பம். இந்தியரும் ஸ்காட்லாந்தியருமான இருவர் ஆட்சியாளர், ஆளப்படுவோர் என்ற வேறுபாட்டை உடைத்து ஒரு பந்தியில் உண்டு வாழ்ந்த குடும்பம் அது. இல்வாழ்வை விட்டவர்களும் இல்லம் ஒன்றை அமைத்தே தொண்டாற்றினர் என்பதை அப்பெயர் உணர்த்துகிறது.

திருமறையும் இதற்கு மாறானது அன்று. கூடாரத் தொழிலாளர்களான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் உரோமையிலிருந்து வெளியேறிக் கொரிந்துவுக்கும், பின் எபேசுவுக்கும் சென்றனர். சென்ற இடமெல்லாம் அவர்கள் வீடே தொழிற்கூடம். அதுவே சபை கூடும் இடம். இருவர் பெயரும் எப்போதும் இணைந்தே வருகின்றன. பல இடங்களில் மனைவியின் பெயரே முதலில் வருகிறது. தார் சுற்றியவரையும் பெயர் சொல்லி நினைக்கும் வரலாறு அது. ஆண்டவரும் திரும்பி வந்த சீடரைத் தனியிடத்தில் இளைப்பாற அழைத்தார் என்பதை மாற்கு மறவாமல் பதிவு செய்துள்ளார்.

5. வரலாறு சொல்வோர்க்கு மூன்று வினாக்கள்

ஆகவே தொண்டர் வரலாற்றை எழுதுவோரும், மேடையில் எடுத்துரைப்போரும் மூன்று வினாக்களைத் தமக்குள் எழுப்பிக்கொள்ளவேண்டும் என விரும்புகிறோம்.

முதலாவது, அழைப்புக்குப் பிந்திய ஆண்டுகளில் இவர் எங்கே, யாரோடு வாழ்ந்தார்? அழைப்பு ஓர் இரவில் வரலாம். ஆனால் அதற்குக் கீழ்ப்படிவது பல்லாயிரம் சாதாரண நாள்களில் நடைபெறுவது. அந்நாள்களைச் சொல்லாத வரலாறு, கீழ்ப்படிதலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது, இவர் பணியின் விலையைச் செலுத்தியவர் யார்? அவர் தாமே விரும்பிச் செலுத்தினாரா, அவரிடமிருந்து வாங்கப்பட்டதா? தாமே கொடுப்பதுதான் தியாகம். பிறரிடமிருந்து எடுத்ததைத் தம் தியாகமாகக் காட்டுதல் தகாது.

மூன்றாவது, இவ்வரலாற்றைக் கேட்கும் இளம் பணியாளர் நாளை எவ்வாறு வாழ முற்படுவார்? ஓய்வையும் நட்பையும் இல்லறத்தையும் குற்ற உணர்வோடு நோக்குவாரா, இறைவனின் கொடையாக நன்றியோடு ஏற்பாரா?

இவ்வினாக்கள் தொண்டரின் பெருமையைக் குறைப்பன அல்ல. வாழ்ந்து காட்டிய மனிதராக அவரை நம் அருகில் கொணர்வன. டென்னிஸ் ஆடிய ஐடா அம்மையாரையும், பயிற்சியை முடித்தபின் கணவரோடு நடக்கப் புறப்பட்ட கிருஷ்ணம்மாளையும் நம் மாணவர் அறியட்டும். அவர்களைப் பின்பற்றுதல் அப்போது இயலக்கூடியதாகும். ஊழியத்தில் நெடுங்காலம் நிலைத்திருத்தலும் இயலக்கூடியதாகும்.